மலச்சிக்கல் தீரலைன்னா டோபமைன் கணக்கே தப்பா?

வணக்கம் சகோ. பார்க்கின்சன் நோய் (நடுக்குவாதம்) இருக்கிற அப்பாவுக்கு லெவோடோபா (மூளையில டோபமைனா மாறுற மாத்திரை) ஆரம்பிச்சு கைகால் இறுக்கம் தளர்ந்துச்சு, மலச்சிக்கலும் வாசனை தெரியாததும் மட்டும் மாறலை, அப்போ உடல் அசைவுக்கு உதவுற டோபமைன்ங்கிற மூளை ரசாயனம் குறையறதாலதான் இந்த நோய்னு சொல்றதே பொய்யான்னு கேட்டிருந்தீங்க. பொய் இல்லை, பாதிக் கதை.

1960-ல வியன்னாவுல எரிங்கர், ஹார்னிகீவிச்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், பார்க்கின்சன் வந்து இறந்தவங்க மூளையில டோபமைன் வத்திப்போயிருந்ததைக் காட்டினாங்க. அது இன்னிக்கும் நிக்குது. ஆனா டோபமைன் குறையறது விளைவுதான். அதைச் சுரக்கிற செல்கள் ஏற்கெனவே செத்துக்கிட்டு இருக்கு. ஆல்ஃபா-சினூக்ளின்னு ஒரு புரதம் திரண்டு மோப்ப நரம்புப் பகுதியிலயும் குடல் நரம்புலயும்கூடப் படியுது. நடுக்கம் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே மலச்சிக்கல் தொடங்குறது அதனாலதான்னு நினைக்கிறாங்க. லெவோடோபா இதைச் சரிசெய்யாது.

மலச்சிக்கலைத் தனியா டாக்டர்கிட்ட சொல்லுங்க. வயிறு மந்தமானா மாத்திரை வேலை செய்யறதும் தாமதமாகும். நீங்களா திடீர்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க, கடும் காய்ச்சலும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.