பெல்ட் கட்டினால் இடுப்பு வலி வராதா?

கேள்வி: நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலையில் குடோன் சூப்பர்வைசராக இருக்கிறேன். லோடுமேன்கள் அடிக்கடி இடுப்பு வலி என்று லீவு போடுகிறார்கள். எல்லாருக்கும் இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்தோம். சரியாகக் குனிந்து தூக்க வகுப்பும் எடுத்தோம். இப்போதும் மூன்று பேருக்கு வலி. இன்னொரு வகுப்பு வைக்கலாம் என்கிறார் முதலாளி. வைக்கலாமா?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: வேண்டாம். அந்தக் காசுக்கு தள்ளுவண்டி வாங்கச் சொல்லுங்கள்.

அமெரிக்கத் தபால் ஊழியர்கள் சுமார் 4,000 பேரிடம் இந்த வகுப்பைச் சோதித்து, ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். 1997-ல் வெளிவந்த முடிவு: வகுப்புக்குப் போனவர்களுக்கும் இடுப்பில் அடிபடுவது குறையவில்லை. பெல்ட் கதையும் அதேதான். அங்கே 160 கடைகளில் சரக்கு தூக்குபவர்களைப் பார்த்து 2000-ல் வந்த ஆய்விலும் பெல்ட்டால் பயன் தெரியவில்லை. பெல்ட் விற்பவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

உங்கள் ஆட்களுக்குக் குனியத் தெரியாமல் இல்லை. கோளாறு மூட்டையில் இருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் (NIOSH) நிறுவனம் போட்ட கணக்குப்படி, தொங்கவிட்ட கை எட்டும் உயரத்தில், உடம்போடு ஒட்டினாற்போல, எப்போதாவது தூக்குவதற்கே 23 கிலோதான் அளவு. அதையே 50 சென்டிமீட்டர் தள்ளி எட்டி எடுத்தால் 11.5 கிலோ. உங்கள் மக்காச்சோள மூட்டை 50 கிலோ இருக்குமே!

வருகிற மூட்டையின் எடை உங்கள் கையில் இல்லை. வெளியே போகிற தீவனப் பையின் எடை முதலாளி கையில் இருக்கிறது; 25 கிலோவாக்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் கூலியைப் பேசி முடியுங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி இருந்தால், எடை பாதியானதும் வரும்படியும் பாதியாகும்; பிறகு ஆளுக்கு இரண்டு பையாகத் தோளில் ஏற்றுவார்கள், பழைய 50 கிலோதான். டன் கணக்குக்கு மாற்றுங்கள். மேஸ்திரியை மட்டும் கூப்பிட்டுப் பேசாமல், தூக்குகிறவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். எந்த இடத்தில் இடுப்பு பிடிக்கிறது என்று அவர்களே காட்டுவார்கள். அநேகமாக மூட்டை அடுக்கிய அட்டியின் அடி வரிசையையும் தலைக்கு மேல் போகும் வரிசையையும்தான் காட்டுவார்கள். அடியில் பலகைத் தட்டுகளை அடுக்கி உயர்த்துங்கள். மேலே தோள் உயரத்தோடு நிறுத்துங்கள். இடம் போதாது என்று முதலாளி முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

காலையில் வந்ததும் லோடு இறக்க விடாதீர்கள். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் (டிஸ்க்) நீர் கோத்து உப்பியிருக்கும். அந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் அதிகம். பை தைப்பது, எடை போடுவது போன்ற வேலைகளை அப்போது வையுங்கள்.

அந்த மூன்று பேரைப் படுக்கையில் போட வேண்டாம். வலி தாங்கும் அளவுக்கு நடமாடட்டும், கூலி குறையாமல் லேசான வேலை கொடுங்கள். கால் மரத்து பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமலோ வராமலோ போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.