பாரிஸில் வாங்கும் பொருட்களுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது எளிதா?

எளிதுதான், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு எந்த இடத்தில் வெளியேறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதலில் பாரிஸ், பிறகு ஸ்விட்சர்லாந்து, கடைசியில் சூரிக்கிலிருந்து விமானம் என்று குழுச் சுற்றுலாவில் போகிறீர்கள் என எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் ஏமாந்தது அந்த வரிசையில்தான்.

பாரிஸின் பெரிய கடை ஒன்றில் என் மனைவி 480 யூரோவுக்கு வாசனைத் திரவியமும் தோல் கைப்பையும் வாங்கினார். ஒரே கடையில் மூன்று நாட்களுக்குள் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் வரியைத் திரும்பக் கேட்கலாம். பிரான்சில் மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதம் என்றாலும், இடையில் இருக்கும் நிறுவனத்தின் கழிவு போகப் பெரும்பாலும் விலையில் 12 சதவீத அளவே கைக்கு வரும். கடவுச்சீட்டைப் பார்த்து, ஒன்றியத்தை விட்டு வெளியேறும் இடத்தில் சுங்க முத்திரை வாங்க வேண்டிய படிவத்தைத் தந்தவர்கள், கடன் அட்டையைப் பிணையாகப் பதிந்துகொண்டு 57 யூரோவை அங்கேயே ரொக்கமாகக் கொடுத்தார்கள். அந்தப் பணம் ஸ்விட்சர்லாந்தில் சாக்லேட்டாக மாறியது.

பேருந்து எல்லையைக் கடந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். சூரிக் விமான நிலையச் சுங்க அலுவலர், பிரெஞ்சுப் படிவத்துக்குத் தம்மால் முத்திரையிட இயலாது என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அங்கேயும் செல்லுகிறதே என்று ஸ்விட்சர்லாந்தையும் ஒன்றியத்தில் சேர்த்து எண்ணியிருந்தேன். அது ஒன்றியத்தில் இல்லை. இரண்டு மாதம் கழித்து, அந்த 57 யூரோ அபராதத்தோடு என் அட்டையிலிருந்து பிடிக்கப்பட்டது.

படிவத்தைப் படிக்காதது என் பிழை என்று சிலர் சொல்வீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைப் பணியாளர் விமான நிலையத்தில் முத்திரை வாங்கச் சொன்னாரே தவிர, எந்த விமான நிலையம் என்று சொல்லவில்லை. எங்களை அந்தக் கடைக்கு அழைத்துப் போவதில் அவ்வளவு அக்கறை காட்டிய வழிகாட்டியும் எல்லையில் வாய் திறக்கவில்லை.

பாரிஸிலிருந்தே நாடு திரும்புவதானால், சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன் சுங்க முத்திரைக்குப் பதிலாக வைத்திருக்கும் 'பாப்லோ' இயந்திரத்தில் படிவத்தின் பட்டைக் குறியைக் காட்டிப் பச்சைத் திரை வருகிறதா என்று பாருங்கள். சுங்கத்தார் பொருளைக் காட்டச் சொல்லலாம் என்பதால் அதைப் பெட்டியின் அடியில் வைக்க வேண்டாம். சாலை வழியாக ஸ்விட்சர்லாந்து போவதானால், பிரெஞ்சுச் சுங்கச் சாவடியில் பேருந்தை நிறுத்துவார்களா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். நிறுத்த மாட்டார்கள் என்றால், கடையில் நீட்டும் ரொக்கத்தை வாங்காதீர்கள்.