ஓர்கா கூடினால் கெல்ப் குறையுமா? படிவம் 4 மகளின் கேள்விக்குப் பதில்

ஓர்கா எனும் கொலையாளித் திமிங்கிலம் கூடினால், கெல்ப் எனும் பெரிய கடற்பாசி குறையும். உங்கள் மகள் ‘கூடும்’ என்று எழுதியதை ஆசிரியர் அடித்தது சரிதான்.

உணவுச் சங்கிலியைக் கடல்நீர்நாயோடு முடித்திருப்பாள் என்று நினைக்கிறேன். நீர்நாய், கெல்ப்பைத் தின்னும் கடல் முள்ளெலியை (sea urchin, முள் நிறைந்த சிறு கடலுயிர்) தின்னும், கெல்ப் தழைக்கும். அதற்கு மேல் நீர்நாயைத் தின்னும் ஓர்கா வந்தால் எல்லாம் தலைகீழ். அலாஸ்காவின் அலூசியன் தீவுகளில் 1990களில் நீர்நாய்கள் குறைந்ததற்கு ஓர்கா தின்றதையே காரணமாக உயிரியலாளர் ஜேம்ஸ் எஸ்டெஸ் குழு 1998இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது. பெருகிய முள்ளெலிகள், பாறையைப் பிடித்திருக்கும் கெல்ப்பின் அடியையே கடித்து அறுக்கும். அப்புறம் கெல்ப் மொத்தமும் மிதந்து போய்விடும்.

ஓர்கா, நீர்நாய், முள்ளெலி, கெல்ப் என்று மேலிருந்து கீழே எழுதி, ‘கூடும்’, ‘குறையும்’ என மாறி மாறிப் போடச் சொல்லுங்கள். தானே புரியும்.

ஒன்று கவனம்: எல்லா ஓர்காவும் நீர்நாயைத் தின்பதில்லை. சில கூட்டங்கள் சால்மன் மீனையே நம்பி வாழ்கின்றன.

உள்ளூர் உதாரணமாகப் பினாங்குக் கடலில் கெல்ப் என்று எழுத வேண்டாம்; அது குளிர்ந்த நீரில் வளர்வது. நம் பினாங்குப் பாலத்துக்கு அருகே மிடல் பேங்க் கடற்புல் திடல் இருக்கிறது. அதை எழுதட்டும், நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம்.