வானில் கந்தகம் தூவுதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வெயில் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எனக்குச் சொந்த ஊர் கண்டனூர். பெங்களூரில் முதுகலை இயற்பியல் படிக்கிறேன். விமானத்தில் கந்தகத்தைக் கொண்டுபோய் இருபது கிலோமீட்டர் உயரத்தில் தூவினால் பூமி குளிரும் என்பது நிரூபணமான விஷயம். 1991இல் பினாடுபோ எரிமலை வெடித்தபோது உலகமே அரை டிகிரி குளிர்ந்தது. செலவும் குறைவு. ஆனால் யாரிடம் சொன்னாலும் வானம் வெளுத்துவிடும், ஓசோன் கெடும், இயற்கையோடு விளையாடாதே என்கிறார்கள். இது மூடநம்பிக்கை இல்லையா? இதில் ஆய்வு செய்ய ஜெர்மனியில் இடம் கிடைத்திருக்கிறது. அம்மா வேண்டாம் என்கிறார். போகலாமா?

ச.

அன்புள்ள தம்பி,

'போகலாமா' என்று முடியும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. ஆனால் இதையேதான் கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். புரட்டாசியில் பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். போன புரட்டாசியில் முதல் பாதி மட்டும் நடந்தது. தேவகோட்டை ரஸ்தாவில் பஸ்ஸுக்கு நின்றபோது யாராவது வந்து இரண்டு டிகிரி குறைத்துத் தருகிறேன் என்றிருந்தால் எவ்வளவு என்றுதான் கேட்டிருப்பேன். அதனால் உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது.

வானம் வெளுத்தால் கவிஞர்கள் கவலைப்படட்டும். ஓசோன் விஷயம் உண்மைதான், பினாடுபோவுக்குப் பிறகும் குறைந்தது, அதை உங்கள் பேராசிரியர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் வந்தது 'நிரூபணமான விஷயம்' என்ற இடத்தில். பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி பாதியைப் படித்துவிட்டு மீதியை மூடி வைத்திருக்கிறீர்கள். பினாடுபோ ஒன்றரைக் கோடியிலிருந்து இரண்டு கோடி டன் வரை கந்தக டை ஆக்ஸைடை மேலே அனுப்பியது, அது அமிலத் துளிகளாகி வெயிலைத் திருப்பி அனுப்பியது, உலகம் குளிர்ந்தது, எல்லாம் சரி. அடுத்த வருஷம் உலகமெங்கும் நிலத்தில் பெய்த மழை குறைந்தது, ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோன தண்ணீரும் குறைந்தது. வெயில் குறைந்தால் ஆவியாவது குறையும், ஆவி குறைந்தால் மழை குறையும், இதற்கு முதுகலை வேண்டியதில்லை. ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊரில் பிறந்தவருக்கு அரை டிகிரி கண்ணில் பட்டிருக்கிறது, மழை படவில்லை.

அப்புறம் அந்த 'செலவும் குறைவு'. எனக்குப் பயமே அதில்தான். வருஷத்துக்குச் சில நூறு கோடி டாலர் என்கிறார்கள். அப்படியென்றால் ஒரு பணக்கார நாடு யாரையும் கேட்காமல் தனியாகவே செய்துவிட முடியும்.

எங்கள் ஊர்க் கண்மாயில் ஒரு வருஷம் கால்வாசித் தண்ணீர்தான் கிடந்தது. தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்ப்பாய்ச்சிக்குத் தெரியாமல் ராத்திரியில் யாரோ மடையைத் திறந்துவிட்டார்கள். கீழ்வயல்கள் கருகின. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ முறை மழை பொய்த்துப் பயிர் கருகியிருக்கிறது. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது, கருக வயலே இல்லை, நடவே நடக்கவில்லை. அப்போதெல்லாம் ஊர் ஒன்றாக உட்கார்ந்து அழுதது. மடை திறந்த வருஷத்தில் பிரிந்த இரண்டு குடும்பங்கள் இன்றுவரை ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போவதில்லை. நஷ்டத்தைக் கணக்குப் பார்த்தால் 2016 பல மடங்கு பெரியது, பகை மட்டும் அந்த மடையில் வந்ததுதான்.

சின்ன வயதில் கொடும்பாவி இழுத்துப் பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மழை இல்லையென்றால் யாரோ பெரும்பாவி செய்த பாவம் என்று வைக்கோலில் ஓர் ஆள் செய்து, தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்து, ஊர்க்கோடியில் கொளுத்துவார்கள். அந்தப் பாவிக்குப் பெயர் கிடையாது. அதனால்தான் கொளுத்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிக்க முடிந்தது. நாளைக்கு மேலே ஏதோ ஒரு நாட்டின் விமானம் தூவிக்கொண்டிருக்கும்போது இங்கே ஐப்பசி பொய்த்தால் கொடும்பாவிக்குப் பெயர், முகவரி, கொடி எல்லாம் இருக்கும். அவன் தூவியதால்தான் பொய்த்தது என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது, இல்லை என்று அவனாலும் நிரூபிக்க முடியாது. வட அரைக்கோளத்தில் மட்டும் தூவினால் ஆப்பிரிக்காவின் சஹேல் வறளும் என்று கணினி மாதிரிகள் காட்டியிருக்கின்றன. அங்கே ஆடு மேய்க்கிறவன் யாரிடம் போய்க் கேட்பான்? இதற்கு நீங்கள் வைத்த பெயர் மூடநம்பிக்கை.

ஸ்வீடனில் கிருனா பக்கம் இதே ஆராய்ச்சிக்காக ஹார்வர்டு பல்கலைக்கழக ஆட்கள் 2021இல் ஒரு பலூனைப் பறக்கவிட்டுக் கருவிகளைச் சரிபார்க்கத்தான் இருந்தார்கள், ஒரு துகள்கூடத் தூவப்போவதில்லை. கலைமான் மேய்க்கும் 'சாமி' என்ற பழங்குடி மக்களின் பேரவை எதிர்த்தது, பலூன் பறக்கவில்லை. 2024இல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். வெறும் பலூனுக்கா இவ்வளவு என்று நிறையப் பேர் சிரித்தார்கள். மடையைத் திறக்கும் முன் கேட்டால்தானே அது கேட்பது? திறந்த பிறகு கேட்க என்ன இருக்கிறது?

தூவியது ஒன்றிரண்டு வருஷத்தில் இறங்கிவிடும் என்பதையும், அதனால் தூவிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும், போர் வந்தோ பணம் தீர்ந்தோ திடீரென்று நிறுத்தினால் அதுவரை அமுங்கியிருந்த சூடு மொத்தமாக வந்து இறங்கும் என்பதையும் நீங்கள் எழுதவே இல்லை. கரியமில வாயுவால் கடல் அமிலமாவதையும் இது நிறுத்தாது. ஓசோன் ஆய்வுக்கு நோபல் வாங்கிய பால் குருட்சன் 2006இல் இந்தப் பேச்சைத் திரும்ப எடுத்தபோதுகூட, உமிழ்வைக் குறைத்து இதற்குத் தேவையே இல்லாமல் செய்வதுதான் நல்லது என்றுதான் எழுதினார். அதையும் உங்கள் பாதிப் புத்தகத்தில் காணோம்.

சரி, ஜெர்மனி. போங்கள் தம்பி. இவ்வளவு திட்டிவிட்டுப் போகச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். இந்தக் கணக்கைப் போடும் அறையில் ஐப்பசி மழையை நம்பி நாற்று விடும் ஊரிலிருந்து ஓர் ஆளாவது இருக்க வேண்டும். சஹேலுக்கு என்ன ஆகும், தென்மேற்குப் பருவமழைக்கு என்ன ஆகும் என்று போடுவார்கள், வடகிழக்கைக் கேட்பது உங்கள் வேலை. அம்மா ஏன் வேண்டாம் என்றார் என்று நீங்கள் எழுதவில்லை. கந்தகத்துக்காக இருக்காது, வீட்டில் தனியாக இருக்க வேண்டுமே என்பதற்காக இருக்கும். அதற்கு முதலில் ஒரு வழி செய்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.