அடி இலைக்கு மருந்து போகிறதா?

கேள்வி: சோயா பூத்து, வரிசைகள் மூடிவிட்டன (பக்கத்து வரிசை இலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து இடைவெளி மறைந்துவிட்டது). பூஞ்சைக்கொல்லி இரண்டு முறை அடித்தும் துரு நோய் கீழிருந்து ஏறுகிறது. மருந்து சரியில்லையா?

பதில்: நானும் முதலில் மருந்தைத்தான் திட்டினேன். அப்புறம் ஒரு நாள், ஈரம் பட்டால் நீலமாகும் மஞ்சள் காகிதத்தைச் செடியின் உச்சி, நடு, அடி என மூன்று இடத்தில் கிளிப் போட்டு மாட்டிவிட்டுத் தெளித்தேன். உச்சியில் முழுக்க நீலம். அடியில் எண்ணி நாலு புள்ளி! துரு நோயோ பெரும்பாலும் அடி இலையில்தான் தொடங்கும், அதுவும் இலையின் அடிப்பக்கத்தில்.

தண்ணீரைக் கூட்டினேன், வண்டி வேகத்தைக் குறைத்தேன். தேய்ந்த நாசில்களையும் (மருந்து பீய்ச்சும் முனைகள்) மாற்றினேன். புதிய நாசிலைவிட 10 சதவீதம் அதிகமாக ஊற்றினால் அது தேய்ந்துவிட்டது என்று பொருள். ஒரு நிமிடம் அளவுக் குவளையில் பிடித்தாலே தெரிந்துவிடும். துளி மிக நுண்ணியதாக இருந்தால் காற்றோடு போய்விடும், பெரிதாக இருந்தால் மேல் இலையிலேயே நின்று வழியும். நடுத்தரம்தான் எனக்குச் சரிப்பட்டது.

இன்னொன்று, நேரம். வரிசை மூடுவதற்குச் சற்று முன்பே முதல் தெளிப்பு முடிந்திருக்க வேண்டும். பழுத்த இலையை எந்த மருந்தும் பச்சையாக்காது. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சைக்கு எதிர்ப்புத்திறன் வந்துவிடும். அடுத்த தடவை வேறு வகை வாங்குங்கள். பெயர் மாறினால் போதாது, லேபிளில் செயல்முறைக் குழு எண்ணும் (மருந்து பூஞ்சையை எந்த வழியில் தாக்குகிறது என்று காட்டும் எண்) மாறியிருக்க வேண்டும்.