பழைய நவஹோ போர்வைகளில் அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ பழங்குடியினரின் பழைய போர்வைகளில் உள்ள அடர்சிவப்பு உள்ளூர்ச் சாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை.

செம்மறியாடுகள் ஸ்பானியர்களோடு வந்தவை. நெசவை நவஹோக்கள், பக்கத்தில் வாழ்ந்த புவெப்லோ மக்களிடம் கற்றார்கள். வெள்ளையும் பழுப்பும் ஆட்டு ரோமத்திலேயே கிடைத்தன, நீலத்துக்கு அவுரி வியாபாரத்தில் வந்தது. நல்ல சிவப்புக்குத்தான் வழியில்லை. அதனால் 'பயேட்டா' என்ற சிவப்புக் கம்பளித் துணியை வாங்கி, இழை இழையாகப் பிரித்து, அந்த நூலையே மறுபடி நெய்தார்கள். அதில் ஏறியிருந்தது அரக்குச் சாயமோ கொச்சினீல் பூச்சியின் சாயமோதான். எவ்வளவு பொறுமை வேண்டும், யோசித்துப் பாருங்கள்! வடிவத்தைத் தாளில் வரையாமல் மனதில் வைத்தே நெய்த பெண்களின் வேலை இது.

1864இல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களைப் போஸ்க் ரெடோண்டோ முகாமுக்கு நடத்தியே கொண்டுபோனது. மந்தைகள் அழிக்கப்பட்டன. 1868இல்தான் ஊர் திரும்ப முடிந்தது. அந்தக் காலத்தில் ஆலை நூல் புகுந்தது, 'ஜெர்மன்டவுன்' எனப்படும் செயற்கைச் சாய நூலும் பரவியது. அப்புறம் 1880களில் ரயில் வந்ததும் வாங்குபவர்கள் மாறினார்கள். உடுத்தும் போர்வை தரைவிரிப்பாயிற்று. இன்று 'பாரம்பரியம்' என்று நாம் நினைக்கும் அந்த ஓரக் கரைகூட, வெளியூர் வாடிக்கையாளர்களுக்காக வியாபாரிகள் கேட்டதால் பரவியதுதான்.