பல்லைப் பார்த்து விலாங்கு வாங்குங்கள்: உப்புநீர்த் தொட்டி கேள்வி-பதில்

உப்புநீர்த் தொட்டி பற்றி வரும் கேள்விகளில் கடல் விலாங்கு, அதாவது மீனவர்கள் அஞ்சாலை என்றும் கடைக்காரர்கள் மோரே ஈல் என்றும் சொல்லும் இனம், அடிக்கடி தலைகாட்டுகிறது. இந்த முறை அதற்கு மட்டும்தான் பதில்.

கடையில் ஒரு அடி நீளத்தில் ஸ்னோஃப்ளேக் ஈல் இருக்கிறது. என் தொட்டி 180 லிட்டர். வாங்கலாமா சார்? (நாகர்கோவில்)

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே விலாங்கு அதுதான். காரணம் அதன் பல். மழுங்கிய பல், நண்டு, இறாலின் ஓட்டை நொறுக்குவதற்கென்றே அமைந்தது. அதனால் ஓரளவு பெரிய மீன்களோடு சண்டையில்லாமல் இருக்கும். சின்ன மீனுக்கு உத்தரவாதம் கிடையாது. தொட்டியில் இருக்கும் இறாலும் நண்டும் நிச்சயம் அதன் வயிற்றுக்குள்தான். வரிக்குதிரை மாதிரி பட்டை போட்ட ஜீப்ரா மோரேயும் இதே ரகம், ஆனால் மூன்று நான்கு அடிக்கு வளரும். மூக்கு நீண்டு, ஊசி போன்ற பல் வெளியே தெரிந்தால் அது மீன் தின்னி, தள்ளிப் போய்விடுங்கள்.

ஸ்னோஃப்ளேக் இரண்டு, இரண்டரை அடிவரை வரும். 180 லிட்டர் கொஞ்ச நாளுக்குப் போதும், 300 லிட்டருக்கு இப்போதே இடம் பார்த்து வையுங்கள். தொட்டி புதிதென்றால் தண்ணீரில் நஞ்சாகும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும்வரை, வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம், எதையும் விட வேண்டாம்.

அப்புறம், நீல நிறத்தில் நாடா மாதிரி ரிப்பன் ஈல் வைத்திருப்பார்கள். அழகுதான். பெரும்பாலானவை தொட்டியில் சாப்பிடாமலே செத்துப்போகும். வாங்காதீர்கள்.

எந்நேரமும் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. கடிக்க வருகிறதா? (தக்கலை)

மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். வாய் வழியாகத் தண்ணீரை இழுத்துச் செவுளுக்குத் தள்ளுகிறது. வழக்கத்தைவிட வேகமாகச் செய்தால் மட்டும் வெப்பநிலையைப் பாருங்கள். 24 முதல் 27 டிகிரி நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் 30-ஐத் தாண்டினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். நீர்மட்டத்தின் மேல் ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பி வைத்தாலே இரண்டொரு டிகிரி இறங்கும்.

வாங்கி இரண்டு வாரம் ஆகிறது, ஒன்றும் சாப்பிடவில்லை. பயமாக இருக்கிறது. (குளச்சல்)

புது இடத்துக்கு வந்த விலாங்கு வாரக்கணக்கில் பட்டினி கிடப்பது சகஜம். உடம்பு திரட்சியாக இருக்கும்வரை பயப்பட வேண்டாம். வயிறு ஒட்டி, உடம்பைவிடத் தலை பெரிதாகத் தெரிந்தால்தான் கவலை.

முதலில் ஒளிய இடம் கொடுத்தீர்களா? அதன் உடம்பு முழுக்க மறையும்படி ஒரு பிவிசி குழாய்த் துண்டு போதும். பாறை அடுக்கினால் மணலுக்கு மேல் வைக்காமல், கண்ணாடி அடித்தளத்திலேயே உட்கார வைத்து, பிறகு மணலைப் போடுங்கள். இல்லாவிட்டால் அடியில் தோண்டிச் சரித்துவிடும். கண்ணாடியைத் தட்டிப் பார்க்கும் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்.

ஊட்டுவது விளக்கை அணைத்த பிறகு. விலாங்குக்குக் கண் மந்தம், மூக்கு படு கூர்மை. ஓட்டை உடைத்த பச்சை இறாலை நீண்ட இடுக்கியில் பிடித்து, குழாய் வாய்க்கு முன்னால் மெதுவாக ஆட்டுங்கள். முகத்தில் இடிக்க வேண்டாம். எடுக்கவில்லையா, அரைமணி நேரத்தில் வெளியே எடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்ப முயலுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு சின்ன உயிர் நண்டோ உயிர் இறாலோ விடுங்கள், பெரும்பாலும் அதில் ஆரம்பித்துவிடும். ஒருமுறை சாப்பிடத் தொடங்கியதும் உயிரற்ற தீனிக்குப் பழக்குவது சுலபம்.

தினமும் போட வேண்டுமா? சாளை மலிவாகக் கிடைக்கிறது, அது மட்டும் போதுமா? (மார்த்தாண்டம்)

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். குட்டிக்கு ஒன்றுவிட்டு ஒருநாள், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு தடவை. கேட்கிறதே என்று தினமும் போட்டால் கொழுப்பும் ஏறும், தண்ணீரும் கெடும். விலாங்குத் தொட்டியில் கழிவு அதிகம் சேரும். கழிவை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் கருவி இல்லாமல் சமாளிப்பது கஷ்டம்.

தீனி விஷயத்தில் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். கணவாய், நண்டு, இறால், சிப்பி எல்லாம் கரையிலேயே கிடைக்கிறது. மாற்றி மாற்றிப் போடுங்கள். பச்சை இறால், சிப்பி, சில சாளை, நெத்தோலி வகைகளில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும், ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. ஒரே தீனியை மாதக்கணக்கில் கொடுத்தால் நரம்புத் தளர்ச்சி வரும். கணவாய்த் துண்டுக்குள் அவ்வப்போது கொஞ்சம் வைட்டமின் வைத்துக் கொடுப்பது நல்லது. கோல்டுஃபிஷ் விடுவதை அடியோடு நிறுத்துங்கள். அதிலும் அதே நொதி, கூடவே நோயும் வரும்.

முட்டத்தில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. கடல்நீரையே எடுக்கலாமே?

எடுக்கலாம், இடம் பார்த்து. துறைமுகத்துக்குள் டீசல் மிதக்கும், வேண்டாம். வள்ளியாறு சேரும் கடியப்பட்டணம், பழையாறு சேரும் மணக்குடி போன்ற பொழிமுகங்களில் மழைக்குப் பின் உப்பு குறைந்திருக்கும். ஜூன் தொடங்கி கடல் கலங்கிக் கிடக்கும் மாதங்களில் உப்புத்தூளே மேல், ஆர்.ஓ. நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். எப்படிச் செய்தாலும் அடர்த்தி 1.023 முதல் 1.025-க்குள் இருக்கட்டும்.

பவளப்பாறைத் துண்டைக் கடலிலிருந்து எடுத்து வராதீர்கள். 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, சட்டச் சிக்கல் வரும்.

காலையில் பார்த்தால் கட்டிலுக்கடியில் கிடக்கிறது! எப்படி வந்தது? (கன்னியாகுமரி)

மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்திருக்கும். வயர் போகும் ஓட்டை, தண்ணீர் வழிந்தோடும் ஓவர்ஃபுளோவின் பல் இடைவெளி, எல்லாவற்றையும் வலை வைத்து அடையுங்கள், மூடி மேல் எடை வையுங்கள். ஸ்னோஃப்ளேக் ஈல் தண்ணீருக்கு வெளியே வந்தே இரையை விழுங்கும் என்பதை 2021-இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம் மூடியெல்லாம் அதற்கு எம்மாத்திரம்? தோல் ஈரமாக இருந்தால் பிழைக்க வாய்ப்புண்டு. காய்ந்த துணியால் பிடிக்காமல், கையை நனைத்துக்கொண்டு தொட்டியில் விடுங்கள்.

மற்ற மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய். காப்பர் மருந்து ஊற்றலாமா? (திங்கள்சந்தை)

விலாங்கு இருக்கும் தொட்டியில் கூடாது. செதில் இல்லாத உடம்பு, காப்பர் அதற்கு ஆபத்து. மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள்.

மாமா வலையில் தேன்கூடு மாதிரிக் கருந்திட்டு போட்ட அஞ்சாலை ஒன்று வந்தது. இரண்டடி. வளர்க்க ஆசை. (தேங்காப்பட்டணம்)

ஆசையை விடுங்கள். அது ஆறடியைத் தொடும் ஜாதி, ஊசிப்பல் மீன் தின்னி. மோரே விலாங்குகளின் தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடை இருக்கிறது. அது முன்னால் பாய்ந்து இரையைக் கவ்வி உள்ளே இழுப்பதை 2007-இல்தான் ஆய்வாளர்கள் படம்பிடித்துக் காட்டினார்கள். கடித்தால் தையல் போடாமல் தீராது. இன்னும் வேறு மீன் இருந்த தொட்டியில் விடவில்லை என்றால், மாமா அடுத்து கடலுக்குப் போகும்போது வாளியோடு கொடுத்தனுப்பி, பிடித்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். அதுவரை மூடி இறுக்கமாக இருக்கட்டும், தீனி எதுவும் போட வேண்டாம்.